மூன்றாவது வசனம்

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று, மூன்றாண்டு வாசக வரிசையின் மூன்றாம் ஆண்டில், லூக்கா நற்செய்தி 15ம் அதிகாரத்து ஊதாரி மகன் உவமை வாசிக்கப்படுகிறது. எல்லோரும் அறிந்த கதை. அதனாலேயே அதிலுள்ள ஒரு சிறு விடயத்தை நாம் கவனியாது கடந்துவிடுகிறோம்.

பன்றி மேய்த்துப் பசியால் வாடிய இளையவன், தகப்பனிடம் சொல்வதற்கென மூன்று வசனங்களை ஆயத்தம் செய்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியற்றவன், கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டை அடைந்ததும் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்ல இடமேயில்லை. அதற்குள் ஆடையும் மோதிரமும் மிதியடியும் வருகின்றன. மகனைக் கூலியாளாக ஏற்பது தகப்பனால் ஆகாத காரியம்.

இளையவனின் எண்ணம் நியாயமானதே. தின்று தீர்த்தவன் உழைத்துச் சாப்பிடட்டும் என்று எந்த ஊரும் சொல்லும். ஆனால் அவன் இழந்தது சொத்தை மட்டுமல்ல, மகன் என்ற மாண்பையும்தான் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1980ல் இறை இரக்கம் பற்றி எழுதிய சுற்றுமடலில் விளக்குகிறார். கூலி கொடுத்து அந்த மாண்பை மீட்க முடியாது.

நமது பங்குகளில் நடப்பது என்ன? குடியை விட்டுத் திரும்பியவர், சங்கக் காசைக் கையாடிவிட்டு மனம் வருந்துபவர், பல வருடங்களுக்குப் பின் பாவசங்கீர்த்தனத்துக்கு வருபவர். குருவானவர் பாவமன்னிப்பு அளிக்கிறார், ஊர் அளிப்பதில்லை. அவருக்குக் கோவிலில் கதவோரம்; சிரமதானத்தில் மண்வெட்டி; கூட்டத்தில் வாய் திறந்தால் ஒரு சிரிப்பு. தகப்பன் கேட்க மறுத்த மூன்றாவது வசனத்தை நாம் அவரிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

'அப்படியானால் பொருளாளர் பதவியை மறுபடியும் கொடுப்பதா?' என்று சிக்கனக் கடனுதவிச் சங்கத்தார் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். உவமையிலேயே பதில் உண்டு. இணைச்சட்டம் 21ம் அதிகாரப்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு. இரு மகன்மார் உள்ள வீட்டில் இளையவனுக்குச் சேர்வது மூன்றில் ஒன்று. அதை அவன் அழித்துவிட்டான். மிஞ்சியதெல்லாம் மூத்தவனுடையதே என்று தகப்பன் தெளிவாகச் சொல்கிறார். காணி மறுபடி பிரிக்கப்படவில்லை. பந்தியில் மட்டும் குறைவில்லை.

கடனும் அழிந்துபோவதில்லை. அதே நற்செய்தியின் 19ம் அதிகாரத்தில் சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களிக்கிறான். ஆனால் நடந்த ஒழுங்கைப் பாருங்கள். ஊரார் முணுமுணுக்க, இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார். கணக்கு அதன் பின்னர்தான் பேசப்படுகிறது. நமது சங்கங்களில் இது தலைகீழ்: கடைசித் தவணை கட்டி முடியும் வரை யாரும் அவர் வீட்டுப் படியேறுவதில்லை. இடையில் மனம் உடைந்து மறுபடியும் கசிப்புக்குப் போனால், 'சொன்னோமே' என்கிறோம்.

குழுக் கலந்துரையாடலுக்கு:

எமது சங்கத்திலிருந்து விலகிச் சென்றவர்கள் யார்? அவர்களில் ஒருவர் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தால், எங்கே உட்கார வைப்போம்? அதற்கு முன் அவர் வீட்டுக்குப் போகப்போவது யார்?