பாகம் செய்விக்கப் பட்டறைக்குப் போகும் முன்

பம்ப், மோட்டார், கிரைண்டர் உதிரிப் பாகங்கள் விற்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கும் ஒரு நிலை வருவதுண்டு. கம்பெனி ஒரு மாடலை நிறுத்திவிடுகிறது. ஆனால் சுற்று வட்டாரக் கிணறுகளில் அந்த மாடல் பம்ப் இன்னும் நூற்றுக்கணக்கில் ஓடுகிறது. இம்பெல்லர் கேட்டு வரும் விவசாயியிடம் "ஸ்டாக் இல்லீங்க" என்று சொல்லி அலுத்துப்போன கடைக்காரர், நாமே செய்வித்து விற்றால் என்ன என்று யோசிக்கிறார். யோசனை தவறல்ல. நல்ல லாபமும் உண்டு. கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, கணபதியிலோ பீளமேட்டிலோ குறிச்சி சிட்கோவிலோ ஒரு பவுண்டரிக்காரரைப் பார்த்து, பழைய இம்பெல்லரை மேஜைமேல் வைத்து, "இதே மாதிரி 200 பீஸ் வேணுங்க" என்கிறார். பணம் முடங்குவது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

ஏன் என்று பார்ப்போம். கொண்டுபோன சாம்பிள் பல வருடம் ஓடியது. மணல் கலந்த நீர் அதன் கழுத்துப் பகுதியையும் இறக்கைகளையும் அரித்திருக்கும். "இதே மாதிரி" என்றால் தேய்ந்ததையே மாதிரியாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

இரண்டாவது சங்கதி, வார்ப்பின் சுருக்கம். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சாதாரண வார்ப்பிரும்புக்கு இது நூற்றுக்குச் சுமார் 1 பங்கு. கன்மெட்டலுக்கு இன்னும் சற்று அதிகம். இதற்காகத்தான் பேட்டர்ன் செய்பவர் சுருக்கத்தைச் சேர்த்து, கடைசல் பிடிக்க வேண்டிய பரப்புகளில் 2, 3 மில்லிமீட்டர் கூடுதலும் விட்டு பேட்டர்ன் செய்கிறார். பேட்டர்ன் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று சாம்பிளையே மண்ணில் அடித்து வார்த்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. அப்படிச் செய்தால் 160 மில்லிமீட்டர் இம்பெல்லர் சுருக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இழக்கும். கடைசலில் இன்னும் இரண்டரை போனால் 156தான் மிஞ்சும்.

நாலு மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். இம்பெல்லர் விட்டம் குறைந்தால் பம்ப் நீரை ஏற்றும் உயரம் விட்டத்தின் வர்க்கப்படி குறையும். 160-க்கு 156 என்றால் சுமார் 5 சதவீதம் போய்விடும். 30 மீட்டர் ஏற்றிய பம்ப் இருபத்தெட்டரை மீட்டரோடு நின்றால், மேட்டுத் தோட்டக்காரருக்குத் தொட்டியில் தண்ணீர் விழாது. அவர் பவுண்டரியைத் தேடிப் போகமாட்டார். நம் கடைக்குத்தான் வருவார், அதுவும் நாலு பேரோடு. ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியது: "பேட்டர்ன் தனியாகச் செய்வீர்களா, சாம்பிளையே வைத்து அடிப்பீர்களா?"

கையில் என்ன எடுத்துப் போவது

தேய்ந்த சாம்பிள் ஒன்று போதாது. ஓடாத புதுப் பாகம் ஏதாவது பழைய கடையில் தூசி படிந்து கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சக வியாபாரிகளிடம் கேட்டால் கிடைத்துவிடும். அதற்கு நல்ல விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. அதோடு, அந்தப் பாகம் எதில் உட்காருகிறதோ அதையும் கொண்டுபோக வேண்டும். இம்பெல்லர் என்றால் ஷாப்டும் கேசிங் மூடியும். தேய்ந்த துளையை அளந்து துளை போடுவதைவிடத் தேயாத ஷாப்டை அளந்து துளை போடுவது மேல்.

அடுத்தது டிராயிங். ஊரிலேயே கணினியில் படம் வரைந்து தருபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் எல்லா அளவுக்கும் கடும் நுணுக்கம் கேட்டால் விலை ஏறும், வேலையும் தாமதமாகும். பொருந்த வேண்டிய மூன்று நான்கு இடங்களுக்கு மட்டும் கண்டிப்பு வையுங்கள். மற்றவற்றுக்குப் பொதுவான வித்தியாசம் அனுமதிக்கலாம். உதாரணமாக, 25 மில்லிமீட்டர் துளைக்குப் பட்டறையில் "எச் 7" என்பார்கள். துளை 25.000 முதல் 25.021 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இதை வெர்னியர் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையாத பிளக் கேஜ் வேண்டும். பட்டறையில் அந்த கேஜ் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல பட்டறைக்காரர் கேட்பவரை மதிப்பார்.

உலோகத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "கன்மெட்டல்" என்று மட்டும் சொன்னால் பித்தளைக் கழிவு கலந்ததும் அந்தப் பெயரில் வந்துவிடும். செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5, துத்தநாகம் 5 என்ற கலவையா, வேறா என்று ஆர்டரில் எழுதுங்கள். வார்ப்பிரும்புக்கு "எப்ஜி 200" போன்று தரத்தைக் குறிப்பிடலாம். முதல் லாட்டில் ஒரு பீஸை எடுத்து சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்ப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கோயமுத்தூரிலேயே சிட்டார்க் போன்ற சோதனை நிலையங்கள் உண்டு. சொல்லிவிட்டாலே பாதிக் காரியம் முடிந்தது. ரப்பர் வாஷர், ஆயில் சீல் செய்விப்பவர்கள் எண்ணெய் படுமா என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். எண்ணெய் பட்டால் சாதாரண ரப்பர் ஊதிவிடும், நைட்ரைல் தேவை.

விலை பேசும்போது

வார்ப்புக்குக் கிலோ விலை, கடைசலுக்குப் பீஸ் விலை என்பது வழக்கம். கிலோ விலை குறைவு என்று மகிழும் முன் ஒரு பீஸின் எடையைக் கேட்க வேண்டும். கணக்குக்காகக் கிலோ 140 ரூபாய் என்று வைப்போம். 1.8 கிலோ வர வேண்டியது தடிமன் கூடி 2.1 கிலோ வந்தால் பீஸுக்கு 42 ரூபாய், 200 பீஸுக்கு 8,400 ரூபாய் அதிகம். அதுவும் நமக்கு வேண்டாத இரும்புக்கு! எடைக்கு உச்ச வரம்பு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பேட்டர்ன் செலவு 12,000 ரூபாய் என்றால், 200 பீஸில் பங்கு போட்டால் பீஸுக்கு 60. 50 பீஸ் மட்டும் செய்தால் 240. விற்பனை எவ்வளவு நடக்கும் என்று நம் பழைய பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பணம் கொடுத்த பின் பேட்டர்ன் யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் நம் இம்பெல்லர் எதிர்க்கடையில் தொங்கும். பட்டறைக்காரர் கெட்டவர் என்பதல்ல. கேட்டு வந்தவருக்கு அவர் செய்து கொடுக்கிறார், அவ்வளவுதான்.

வார்ப்பு ஓரிடம், கடைசல் வேறிடம் என்றால் இன்னொரு சிக்கல். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழி கடைசல் பிடித்த பிறகே தெரியும். பவுண்டரிக்காரர் வார்ப்பை மாற்றித் தருவார். போன கடைசல் கூலியை யார் தருவது? இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். முடிந்த பாகத்துக்கு ஒருவரே பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுவது உத்தமம்.

பணம் தரும் தவணையிலும் கவனம் தேவை. குறு, சிறு தொழிலாகப் பதிவு பெற்ற பட்டறைக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்ற 15 நாளில், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. "மூணு மாசம் கழித்துப் பார்க்கலாம்" என்ற பழைய வழக்கம் இங்கே செல்லாது.

பழைய கம்பெனியின் பெயரையோ முத்திரையையோ வார்ப்பில் போடச் சொல்லவே கூடாது. அது போலிச் சரக்கு, குற்றம். இன்ன மாடல் பம்புக்குப் பொருந்தும் என்று அட்டைப் பெட்டியில் உண்மையாகக் குறிப்பிடுவதற்கு 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் இடம் தருகிறது. வார்ப்பில் நம் கடைப் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். திரும்பி வரும் சரக்கு நம்முடையதுதானா என்று கண்டுபிடிக்கவும் அது உதவும்.

200 பீஸையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் 5 பீஸ். அவற்றை ஓடும் பம்புகளில் பொருத்தி ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்து, சரியென்றால் ஒரு பீஸில் இருவரும் கையெழுத்துச் சீட்டு ஒட்டி நம் கடையில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் அந்தப் பீஸ்தான் சாட்சி.

இத்தனைக்கும் நாள் பிடிக்கும். பேட்டர்னுக்கு இரண்டு மூன்று வாரம், சாம்பிள் பார்க்க ஒரு வாரம், திருத்தம் இருந்தால் மேலும் இரண்டு. நடுவில் தீபாவளி, பொங்கல். இப்போது மோல்டிங் வேலையில் வட மாநிலத்தவர் பலர் இருப்பதால் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊர் போவார்கள். மாசி, பங்குனியில் கிணறு வற்றி பம்ப் வியாபாரம் சூடு பிடிக்கும்போது சரக்கு கடையில் இருக்க வேண்டுமானால், பட்டறைக்கு முதல் பயணம் ஐப்பசியிலேயே.