தொற்றுக் காலத்தில் முன்னெச்சரிக்கை: இரு நகரங்கள் தரும் பாடம்

1918-ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது அதற்குத் தடுப்பூசி இல்லை. அதை உண்டாக்குவது ஒரு வைரஸ் என்பதே உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. மக்கள் கூடுவதைக் குறைப்பதே கைவசம் இருந்த முக்கிய வழி. அவ்வழியை எப்போது மேற்கொண்டனர் என்பதில் அமெரிக்காவின் இரு நகரங்கள் வேறுபட்டன.

பிலடெல்பியாவில் செப்டம்பர் நடுவிலேயே நோய் தென்பட்டது. எனினும், போர்க்கடன் திரட்டுவதற்காகச் செப்டம்பர் 28 அன்று நடந்த ஊர்வலம் நிறுத்தப்படவில்லை. ஏறத்தாழ 2 லட்சம் பேர் தெருக்களில் திரண்டனர். பள்ளிகளும் திரையரங்குகளும் அக்டோபர் 3 அன்றுதான் மூடப்பட்டன. செயின்ட் லூயிஸ் நகரிலோ, பொதுமக்களிடையே நோய் தெரியவந்த இரண்டே நாள்களில், அக்டோபர் 7 அன்று, சுகாதார ஆணையர் மாக்ஸ் ஸ்டார்க்லாஃபின் முயற்சியால் அவை மூடப்பட்டன. அங்கு உச்சக்கட்ட இறப்பு விகிதம் பிலடெல்பியாவினதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகவே இருந்தது. நவம்பரில் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் அங்கும் இறப்புகள் மீண்டும் பெருகின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சில நாள் தாமதம் இத்துணை பெரிதாவது ஏன்? இன்ஃப்ளூயன்சா தொற்றியவர், காய்ச்சல் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்கு அதைப் பரப்பக்கூடும். எனவே நோயாளிகளின் எண்ணிக்கை கண்ணுக்குப் புலப்படும்போது, தொற்று அதனைக் கடந்து சென்றிருக்கும்.

வீட்டிற்கும் இதே கணக்குத்தான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரோ, சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவரோ, முதியவரோ இருக்கும் இல்லத்தில், அண்டை வீடுகளில் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அன்றே பார்வையாளர் வருகையை நிறுத்துதல் நன்று. நலம் விசாரிக்க வரும் உறவினரை ‘வர வேண்டாம்’ என்பது நமக்கு எளிதன்று. தயங்குவோர் மருத்துவரின் மீது பழியைப் போட்டுவிடலாம், அவர் வருந்தமாட்டார். தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாமல் வருவோர் கைகழுவி, முகக்கவசம் அணிந்து, சன்னல்கள் திறந்த அறையில் சில நிமிடங்கள் மட்டும் அமரட்டும். இருமலுள்ள குழந்தைகளை அழைத்துவர வேண்டாம். பராமரிப்பவருக்கே காய்ச்சல் கண்டால் வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

உடன் வாழ்வோர் ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அதன் பயன் கிட்ட ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும். ஆதலால் மழைக்காலம் தொடங்குமுன்பே மருத்துவரைக் கலந்து நாள் குறித்துக்கொள்ளுங்கள்.