விவசாயத்தில் முதுமாணி: ஏன், எங்கே, எப்படி?

கடந்த தவணை, உயர்தர மாணவிகளுக்கான தொழில் வழிகாட்டல் நிகழ்வுக்குப் பழைய மாணவி என்ற வகையில் என்னை அழைத்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து, "ராத்தா, மெடிசின் கிடைக்காதவங்கதானே விவசாயம் படிக்கப் போறாங்க? அதுல மாஸ்டர்ஸ் வேற என்னத்துக்கு?" என்று கேட்டாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். நேரம் போதாமல் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. மிகுதியை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் இச்சஞ்சிகையை வாசிப்பதால் அவர்களுக்கும் சில வார்த்தைகள் உண்டு.

அப்பிள்ளையின் கேள்வியில் முதற்பாதி என்னைப் பொறுத்தவரை உண்மைதான். எனது இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கு அனுமதி கிடைத்தபோது வீட்டில் யாரும் இனிப்புப் பகிரவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது.

முதுமாணி என்றால் என்ன?

விவசாய இளமாணிப் பட்டம் நான்கு வருடங்கள். பயிர், மண், விலங்கு வளர்ப்பு, பீடை, நீர்ப்பாசனம், பொருளியல், உணவு என்று எல்லாவற்றிலும் அதில் கொஞ்சம் கொஞ்சம் படிப்போம். முதுமாணியில் அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்து அதற்குள் ஆழமாக இறங்குகிறோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பாடநெறிகளை மாத்திரம் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம். அதற்குக் குறைந்தது 30 திறமைப் புள்ளிகள் வேண்டும். பாடநெறியோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். அதற்கு 60 புள்ளிகள். ஆய்வு செய்ய விரும்புபவர் விண்ணப்பிக்கும் முன்னரே இந்த வேறுபாட்டைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

இத்துறைக்கெனவே பேராதனையில் விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1975 முதல் இயங்கி வருகிறது. பயிர் விஞ்ஞானம், மண் விஞ்ஞானம், தாவரப் பாதுகாப்பு, விலங்கு விஞ்ஞானம், உணவு விஞ்ஞானம், விவசாயப் பொருளியல், விவசாய விரிவாக்கம், உயிர்ப்புள்ளிவிபரவியல் போன்ற பிரிவுகள் அங்கு உள்ளன. "விவசாயம்" என்றதும் மண்வெட்டியை மட்டும் நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். பாலைப் பதப்படுத்துவதும், மரக்கறி விலை ஏறி இறங்குவதை ஆராய்வதும், கமக்காரருக்குப் புதிய முறையொன்றை விளங்கவைப்பதும் இதற்குள் அடங்கும்.

நான் மண் விஞ்ஞானத்தைத் தெரிவு செய்தேன். காரணம் வாப்பாவின் வயல்.

என் கேள்வி எங்கே பிறந்தது?

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், களப்பை அண்டியிருக்கிறது எங்கள் வயல். 1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டத்தின் நீர் மேலேயுள்ள வட்டைகளையெல்லாம் கடந்து கடைசியாகவே எம்மிடம் வரும். சிறுபோகத்தில் களப்புப் பக்கத்து வரம்போரம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தப் பக்கத்துப் பயிர் மட்டும் மஞ்சளாகி நுனி கருகும். கதிர் வந்தாலும் பதர்தான் அதிகம்.

"பசளை காணாது போல மகள்" என்று சொல்லி வாப்பா அந்தப் பக்கத்துக்கு மேலும் யூரியா எறிவார். நான் இளமாணி முடித்து வந்த வருடம், "இந்தப் பக்கத்தை இனி விதைக்கிறதில்ல, சும்மா கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நெல்லை நம்பியே எங்கள் நால்வரையும் படிப்பித்தவர் அவர். அந்த வார்த்தை எனக்குச் சுட்டது.

உவர் மண்ணில் நடப்பது இதுதான். மண்நீரில் உப்புக் கூடும்போது, பயிர் தண்ணீருக்குள் நின்றாலும் வேரினால் அந்த நீரை இலகுவாக உறிஞ்ச முடியாது. தண்ணீருக்குள் நின்றே தாகத்தில் வாடுகிறது. உப்பின் அளவை மண்கரைசலின் மின்கடத்துதிறனைக் கொண்டு அளக்கிறோம். மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அதனை உவர் மண் என்பர். நெல் அதற்கும் முன்னரே, 3 அளவில் பாதிப்படையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 வீத விளைச்சல் குறையும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் பாதிப்புக் கூடுதல். யூரியா இதற்கு மருந்தல்ல. நல்ல நீரைப் பாய்ச்சி, உப்பைக் கரைத்து, வடியவிட வேண்டும். நீர் வடிவதற்கு வழி இல்லாவிட்டால் எதைச் செய்தும் பயனில்லை.

இளமாணியில் இவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆனால் வாப்பாவின் வயலில் எந்த இனத்தை விதைக்கலாம் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் எங்கள் வயல் இல்லை. அந்தப் பதிலைத் தேடும் முறையைக் கற்கத்தான் முதுமாணிக்குப் போனேன்.

கேள்வியை வயலிடம் கேட்பது எப்படி?

வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறி, மகியங்கனை வழியாக பதினெட்டு வளைவையும் தாண்டி, சனி காலை வகுப்புக்குப் போவேன். ஞாயிறு இரவு மீண்டும் பஸ். பாடங்களில் எனக்குக் கடினமாக இருந்ததும், பிறகு மிகவும் பிடித்துப்போனதும் பரிசோதனை வடிவமைப்புத்தான்.

இங்கிலாந்தில் 1843இல் தொடங்கிய றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்துக்கு 1919இல் வேலைக்கு வந்தவர் றொனால்ட் பிஷர். வயற்பரிசோதனைகளை எப்படி நம்பகமாகச் செய்வது என்ற கேள்வியிலிருந்து அவர் உருவாக்கிய முறைகளை இன்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். மருந்துகளைச் சோதிக்கும்போது நோயாளரை எழுமாற்றாகப் பிரிப்பதற்கும் அடிப்படை அதுவே. மருத்துவம் விவசாயத்திடம் கடன் வாங்கிய இடம் இது என்பதை அந்தப் பின்வரிசைப் பிள்ளைக்கு அன்று சொல்ல மறந்துவிட்டேன்.

அந்த முறையை எங்கள் வயலில் இப்படிப் பயன்படுத்தினேன். ஒப்பிட வேண்டியவை நான்கு நெல்லினங்கள். அவற்றில் ஒன்று வாப்பா வழமையாக விதைக்கும் பிஜி 352. இன்னொன்று உவரைத் தாங்கக்கூடிய ஏ.டீ. 354. பெயரிலுள்ள எழுத்துகள் இனம் உருவான இடத்தைக் குறிக்கும்: பிஜி பத்தலகொட, ஏ.டீ. அம்பலாந்தோட்டை. இலக்கம் பயிரின் வயதைக் காட்டும்: 300 என்றால் மூன்று மாதம், 350களில் இருந்தால் மூன்றரை மாதம், 400 என்றால் நான்கு மாதம். கடையில் விதைநெல் வாங்கும்போது இதனைக் கவனித்துப் பாருங்கள்.

நான்கு இனங்களையும் நான்கு துண்டுகளில் நட்டு அறுத்து நிறுத்துவிட்டால் போதாதா? போதாது. களப்பருகே நட்ட இனம் தோற்றால், தோற்றது இனமா மண்ணா என்று எப்படிச் சொல்வது? ஆகவே வயலைக் களப்புக்குச் சமாந்தரமாக நான்கு தொகுதிகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு இனங்களும் இருக்கும். எது எந்தத் துண்டில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தேன். மொத்தம் 16 துண்டுகள். இப்போது இனத்தால் வந்த வேறுபாட்டையும் இடத்தால் வந்த வேறுபாட்டையும் தனித்தனியே கணிக்கலாம். நான் சீட்டுக் குலுக்குவதைப் பார்த்த வாப்பா, "நாலு வருஷம் படிச்சிட்டுச் சீட்டுப் போடுறாய்" என்றார்.

இழந்த போகமும் ஒரு துண்டும்

பெரும்போகத்தில் நட்டேன். மார்கழி மழையில் வெள்ளம் வந்து வரம்புகளை உடைத்தது. அடையாளத் தடிகள் அடிபட்டுப் போயின. ஒரே இரவில் பரிசோதனை முடிந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் உடைந்த குழாயை மறுநாள் மாற்றலாம். வயலில் ஒரு போகம் போனால் அடுத்த போகம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். விவசாய ஆய்வுக்குத் திட்டமிட்டதைவிட நாட்கள் கூடுவது இதனால்தான். இதனை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. "சிறுபோகத்தில் உவர் இன்னும் தெளிவாகத் தெரியும், திரும்பவும் நடுங்கள்" என்றார் மேற்பார்வையாளர். நட்டேன்.

அறுவடை செய்து நிறுத்துக் கணித்தபோது ஏ.டீ. 354 சற்று முன்னுக்கு நின்றது. ஆனால் அந்த வேறுபாடு, தற்செயலால் வந்திருக்க முடியாது என்று சொல்லுமளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. காரணம் இரண்டாம் தொகுதியில் அந்த இனத்தின் ஒரு துண்டு மோசமாக விளைந்திருந்தது. அந்த ஒரு துண்டை நீக்கிக் கணித்துப் பார்த்தேன். முடிவு அழகாக வந்தது! அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன்.

அவர் ஒன்றுதான் கேட்டார்: "அந்தத் துண்டில் எலி வெட்டியது, மாடு மேய்ந்தது என்று உங்கள் வயற்குறிப்பில் ஏதாவது இருக்கிறதா?" குறிப்பேட்டைப் புரட்டினேன். எதுவும் இல்லை. "அப்படியானால் அது வயல் சொன்ன பதில். நீக்க முடியாது" என்றார்.

அன்றிரவு பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு போகம் வெள்ளத்தில் போனது, அடுத்த போகம் இப்படி. யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணமும் வந்தது. அல்லாஹ்வுக்குத் தெரியும் என்பதை அதற்குப் பிறகுதான் நினைத்தேன். இலக்கங்களும் அமானிதம்தான். அதை நம்பி ஒரு கமக்காரர் விதைநெல் வாங்குவார். அந்தத் துண்டை மீண்டும் கணக்கில் சேர்த்தேன்.

சேர்த்த பிறகுதான் முக்கியமான ஒன்று கண்ணில் பட்டது. இனங்களுக்கிடையிலான வேறுபாட்டைவிடத் தொகுதிகளுக்கிடையிலான வேறுபாடு மிகப் பெரிது. எந்த இனமானாலும் களப்புப் பக்கத்தில் அடிபட்டிருந்தது. மின்கடத்துதிறன் அளவீடுகளும் அதையே காட்டின. வயலைச் சுற்றி நடந்து பார்த்தேன். அந்தப் பக்கத்து வடிச்சல் வாய்க்கால் மண் நிரம்பி, பற்றை மூடிக் கிடந்தது. உப்பு வெளியேற வழியே இல்லை.

ஆய்வேட்டில் அதனையே எழுதினேன். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாப்பா அந்த வரைபடத்தை விரித்துக் காட்டினார். வாய்க்கால் ஒருவருடையது அல்லவே. ஏழெட்டுப் பேர் காசு சேர்த்துப் பெக்கோ பிடித்துத் துப்புரவாக்கினார்கள். அந்தப் பக்கம் இன்றும் மற்றப் பக்கம் போல விளைவதில்லை. ஆனால் வயல் சும்மா கிடக்கவில்லை. வாப்பா இப்போது ஏ.டீ. 354 விதைக்கிறார், வீண் யூரியாவும் எறிவதில்லை.

பெற்றோருக்கு

"பெண் பிள்ளை வயலில் என்ன செய்வாள், கலியாணம் பிந்திவிடாதா, செலவு எவ்வளவு?" என்று கேட்பீர்கள். என் உம்மாவும் இவற்றையேதான் கேட்டார். என் வயல் வேலைகளின்போது வாப்பாவோ தம்பியோ கூட இருந்தார்கள். முதுமாணியில் ஆய்வுகூடத்திலும் கணினியிலும் கழியும் நாட்களே அதிகம். பாடநெறி முடிந்து ஆய்வு தொடங்க முன்னர் எனது நிக்காஹ் நடந்தது. சிறுபோக அறுவடையில் தராசைப் பிடித்தவர் என் கணவர். செலவு உண்மையானது. அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிக்குப் படிப்புக் கட்டணம் இல்லை, முதுமாணிக்கு உண்டு. வேலை செய்துகொண்டே படிப்பதும், ஆய்வுத் திட்டமொன்றில் உதவியாளராகச் சேர்வதும் சுமையைக் குறைக்கும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடையில் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அளந்து பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் குறைவாக இருந்தார்கள். நெல்லை நம்பி வாழும் எமது ஊர்களுக்கு அத்தகையவர்கள் தேவை. அவர்களுள் ஒருத்தி உங்கள் மகளாகவும் இருக்கலாம்.

மாணவிகளுக்கு

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிப்பவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை முதலில் நீங்களே வாசியுங்கள். பிறர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கணிதத்தைக் கைவிடாதீர்கள்; புள்ளிவிபரவியலில் அது கை கொடுக்கும். ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கமாவது வாசியுங்கள். ஆய்வேடு அம்மொழியில்தான் எழுத வேண்டியிருக்கும். இளமாணியின் இறுதி வருட ஆய்வைக் கடமைக்குச் செய்யாதீர்கள். பின்னர் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் தருபவர் அதன் மேற்பார்வையாளராகவே இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதப் பழகுங்கள்.

பின்வரிசைத் தங்கையே, மாஸ்டர்ஸ் என்னத்துக்கு என்று கேட்டாய். எங்கள் வயலுக்கான பதில் புத்தகத்தில் இல்லாதபோது, அதை வயலிடமே முறையாகக் கேட்டு, வந்த பதிலை மாற்றாமல் சொல்வதற்கு. உன் வீட்டாருக்கும் ஒரு வயலோ தோட்டமோ மாட்டுப்பட்டியோ இருக்கலாம். இந்த விடுமுறையில் அங்கே போய், விளங்காத ஒன்றைக் குறித்துக்கொண்டு வா. இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை நான் வரும்போது அதைப் பற்றிப் பேசுவோம்.