வளைவுக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை

கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்தச் சாலைகளில் ஆர்15, ஆர்சி 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 என்று ஸ்போர்ட்ஸ் பைக்குகள் வரிசையாக ஏறுகின்றன. நேர்ச்சாலையில் தயங்காமல் ஓட்டுகிற பலர் வளைவைக் கண்டதும் விறைத்துப் போகிறார்கள். கை இறுகுகிறது, பார்வை முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் விழுந்து அங்கேயே நிற்கிறது, வளைவின் நடுவில் விரல் பிரேக்கைத் தேடுகிறது. பிரேக் பட்டதும் பைக் நிமிர்ந்து, திரும்ப வேண்டிய பக்கத்தை விட்டு விலகிப் போகிறது.

இதைத் துணிச்சல் குறைவு என்று நினைத்து, அடுத்த வளைவில் இன்னும் வேகமாக நுழைந்து பயத்தை வெல்லப் பார்ப்பவர்கள் உண்டு. அது ஆபத்தான வைத்தியம். வளைவுக்குள் நுழையும்போது செய்து முடிக்காத வேலை பாக்கி இருப்பதால்தான் அந்தப் பயம் வருகிறது. வேகம் குறைப்பது, கியரை இறக்குவது, உடம்பை அமர்த்திக்கொள்வது, போகும் வழியைப் பார்ப்பது எல்லாவற்றையும் பைக் நிமிர்ந்து போகும்போதே முடித்துவிட்டால், வளைவுக்குள் சாய்ப்பதும் ஆக்சிலரேட்டரைத் திறப்பதும் மட்டுமே மிஞ்சும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றைப் பழகுவதற்கான வழி.

முதலில் வண்டி

டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஒட்டிய தாளில் இருக்கும். இல்லாவிட்டால் வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். அந்த அளவை வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே அளவாக அடித்துவிடுகிற வழக்கத்தை நம்ப வேண்டாம். காற்று குறைந்த முன்டயர் திரும்ப மறுக்கும். அதை ஓட்டுபவரின் குறை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டயர் புதிதாக மாற்றியிருந்தால் மேற்பரப்பில் வழவழப்பு இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அதிகம் சாய்க்காதீர்கள். செயின் தொய்வையும் பாருங்கள்: அதிகம் தொய்ந்த செயின், ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும்போது வளைவின் நடுவில் வெட்டி இழுக்கும்.

உடம்பு

ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில் தாழ்ந்திருக்கும், ஃபுட்ரெஸ்ட் பின்னால் இருக்கும். குனிந்து உட்காரும்போது மேலுடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. பாரம் இறங்கிய கை இறுகும். இறுகிய கையால் ஹேண்டிலைத் திருப்பவும் முடியாது, சாலையின் மேடுபள்ளத்துக்கு முன்சக்கரம் தானாகச் சரிசெய்துகொள்வதையும் அது தடுக்கும். வளைவில் பைக் ஆடுகிறது என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் தாங்களே அதை ஆட்டுகிறார்கள்.

பாரத்தைத் தொடைக்கும் வயிற்றுத் தசைக்கும் மாற்றுங்கள். இரண்டு முட்டிகளாலும் டேங்கை அணைத்துப் பிடியுங்கள். குதிகாலுக்குப் பதிலாகப் பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். சாய்க்கும்போது பூட்ஸ் தரையில் இடிக்காது. முழங்கை மடிந்திருக்க வேண்டும். ஓடும்போது முழங்கைகளைச் சிறகுபோல் அசைத்துப் பாருங்கள். அசைத்தும் பைக் நேராகப் போனால் கை தளர்வாக இருக்கிறது.

முட்டியைத் தரையில் தேய்ப்பதெல்லாம் பந்தயத் தடத்துக்கு உரியது. சாலையில் இடுப்பை நகர்த்தவே தேவையில்லை. திரும்பும் பக்கமாகத் தோளையும் தலையையும் சற்று இறக்கி, முகம் உள்பக்கக் கண்ணாடியை நோக்கிப் போகும்படி வைத்தால் போதும். உடம்பு உள்பக்கம் போகிற அளவுக்கு, அதே வேகத்துக்குப் பைக் குறைவாகச் சாயும்.

காலி இடத்தில் பழகுவது

லைசென்ஸ் எடுக்க நாம் எல்லோரும் எட்டுப் போட்டோம். அந்த எட்டு மெதுவான வேகத்துக்கானது: இடப்பக்கம் போக ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினோம். வேகம் கூடிய பிறகு பைக் அப்படித் திரும்புவதில்லை. இடப்பக்கம் போக இடது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் பார்க்கும். அடியிலிருந்து டயர் விலகுவதால் பைக் இடப்பக்கம் சாயும். சாய்ந்த பைக் திரும்பும். கவுண்டர் ஸ்டியரிங் என்பது இதுதான். தெரியாமலேயே எல்லோரும் கொஞ்சம் செய்கிறோம். தெரிந்து செய்பவருக்குத்தான் எதிர்பாராத இடத்தில் அது கைகொடுக்கும்.

விடியற்காலையில் ஆள் நடமாட்டமில்லாத பெரிய மைதானத்தையோ வாகனமில்லாத அகலமான லேஅவுட் சாலையையோ தேர்ந்தெடுங்கள். மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் நேராகப் போய், வலது கைப்பிடியை மெதுவாக ஒரு முறை தள்ளிப் பாருங்கள். பிறகு இடது. எவ்வளவு தள்ளினால் எவ்வளவு சாய்கிறது என்று கைக்குப் புரியும்வரை இதை மட்டும் செய்யுங்கள். அதன்பின் தரையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிப் பெரிய எட்டு. ஒரு பக்கம் சுலபமாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருப்பதை உடனே உணர்வீர்கள். பலருக்கு வலப்பக்கம் கடினம், ஏனென்றால் ஆக்சிலரேட்டரும் முன்பிரேக்கும் அந்தக் கையில்தான் இருக்கின்றன. கடினமான பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

இந்தப் படியைத் தாண்டாமல் மலைக்குப் போக வேண்டாம்.

கண்

நூறு வளைவு ஓட்டிப் பழகுவதைவிடப் பார்வையைச் சரிசெய்வது அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. கண் எங்கே போகிறதோ பைக் அங்கே போகும். குழியைப் பார்த்தால் குழியில் இறங்கும். எதிரே வரும் பஸ்ஸை வெறித்தால் பஸ்ஸை நோக்கிப் போகும்.

வளைவை நெருங்கும்போது சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்ந்து மறைவதுபோல் ஓர் இடம் தெரியும். அந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முன்னேற முன்னேற அது உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். ஒரே தூரத்தில் நின்றால் இப்போதைய வேகம் சரி. அது உங்களிடமிருந்து ஓடத் தொடங்கினால் வளைவு திறக்கிறது, ஆக்சிலரேட்டரைத் திறக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். வால்பாறைச் சாலையில் வரையாடும் சிங்கவால் குரங்கும் வளைவுக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கலாம்.

தலையையும் திருப்ப வேண்டும், கண்ணை மட்டும் அல்ல. கொண்டை ஊசி வளைவில் கிட்டத்தட்டத் தோளுக்கு மேல் பார்ப்பதுபோல் இருக்கும்.

வேகம், திருப்பம், ஆக்சிலரேட்டர்

பைக் நிமிர்ந்திருக்கும்போது பிரேக் போடுங்கள். முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்காமல் படிப்படியாக அழுத்துங்கள், விடும்போதும் படிப்படியாகவே. கியரை இறக்கி, கிளட்சை முழுவதும் விட்டு, அதன்பிறகு திருப்புங்கள். முன்பிரேக்கைச் சிறுகச் சிறுக விட்டபடியே வளைவுக்குள் நுழைகிற முறை ஒன்று இருக்கிறது. அது நல்ல முறைதான், ஆனால் அடுத்த கட்டத்துக்கு உரியது.

எவ்வளவு வேகம்? கணக்கு உதவும். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 40 கி.மீ. வேகத்தில் கடக்க பைக் சுமார் 14 டிகிரி சாய்ந்தால் போதும். 60 கி.மீ. என்றால் ஏறக்குறைய 30 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது; சாய்வு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நுழையும்போது 5 கி.மீ. குறைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது இதிலிருந்து புரியும்.

திருப்பத்தை அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். பயந்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே திரும்பிவிடுகிறார்கள். அதனால் வளைவின் கடைசியில் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறார்கள். வெளிப்புறமாகவே கொஞ்சம் காத்திருந்து, வளைவின் மறுபக்கம் தெரியத் தொடங்கும்போது ஒரே தள்ளில் திருப்புங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இடது வளைவில் வெளியே தள்ளப்பட்டால் போய் நிற்பது எதிரே வருகிற லாரியின் தடத்தில்.

வலது வளைவில் வேறொரு ஆபத்து. டயர் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாய்ந்த பைக்கில் தலையும் தோளும் அந்தப் பக்கம் நீண்டிருக்கும். ஆகவே வலது வளைவில் நடுக்கோட்டிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். இடது ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மணலிலும் ஏறிவிடாதீர்கள்.

பைக் சாய்ந்து வழியில் அமர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்து, வளைவு முடியும்வரை சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். 1980இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கிய கீத் கோட் வலியுறுத்தும் முதல் விதி இது. அவர் சொல்லும் காரணம் எளிமையானது: மெல்லத் திறந்தால் பாரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு முன்சக்கரத்திலும் 60 விழுக்காடு பின்சக்கரத்திலும் நிற்கும், பின்டயர்தான் அகலமானது. ஆக்சிலரேட்டரைப் பட்டென்று மூடினால் பாரம் முன்னால் சாய்ந்து, ஏற்கெனவே திருப்பும் வேலையில் இருக்கிற சிறிய டயர்மீது விழுகிறது.

அதிக வேகத்தில் நுழைந்துவிட்டால்

பிரேக்கைப் பிடித்து இறுக்குவதுதான் உடம்புக்குத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். வளைவின் வெளியேறும் பக்கத்துக்குத் தலையைத் திருப்பி, உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் 40 டிகிரிக்கு மேலும் பிடித்து நிற்கும். பதற்றத்தில் தடம் மாறுகிற பலர் அதில் பாதி அளவுகூடச் சாய்த்திருப்பதில்லை. வளைவுக்குள் தடை ஏதாவது இருந்து நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், இடம் இருக்கும்பட்சத்தில் பைக்கை நிமிர்த்தி, நேராக்கிக்கொண்டு பிரேக் போடுங்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஆனால் சாதாரண ஏபிஎஸ் நேராகப் போகும் வண்டிக்கானது. சாய்ந்திருக்கும்போது அதை நம்ப முடியாது.

மேலே சொன்னதெல்லாம் காய்ந்த சாலைக்கு. மழையில் வெள்ளைக்கோடுகளும், நிழல் விழும் வளைவுகளின் பாசியும், எஸ்டேட் லாரிகள் சிந்திய டீசலும் சோப்புபோல வழுக்கும். சாய்வைப் பாதியாக்குங்கள்.

மலையில்

கொண்டை ஊசி வளைவில் பஸ் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குபவருக்கு வளைவில் திறக்க ஆக்சிலரேட்டர் இல்லை, பிரேக்கும் சூடேறிவிடும்.

தொடர்ந்து முன்னேற விரும்பினால் பந்தயத் தடத்துக்குப் போய்விடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்ட தடம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கீத் கோட்டின் பள்ளியே இருங்காட்டுக்கோட்டையில் வகுப்புகள் நடத்தியிருக்கிறது. எதிர்வண்டி இல்லாத, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வருகிற இடத்தில் ஒரு நாள் கற்பது, சாலையில் மாதக்கணக்கில் கற்பதைவிட அதிகம். எவ்வளவு சாய்க்க முடியும் என்று பார்க்க ஆசையிருந்தால் அங்கே பாருங்கள். டயர் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து ஒருவர் திறமையை அளப்பதை நண்பர்கள் கூட்டம் நிறுத்திக்கொள்வது நல்லது.

மலைக்குக் கூட்டமாகப் போகும்போது புதியவர்கள் கடைசியில் வாருங்கள். ஹெல்மெட்டோடு ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவர் எந்த வேகத்தில் நுழைகிறார் என்று பார்த்து நீங்கள் நுழையாதீர்கள். அவரை மேலே போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.