அறுவை அரங்கில் செவிலியின் குரல்

மருத்துவரும் செவிலியரும் ஒரே நோயாளிக்காக உழைப்பவர்கள். ஆயினும் அவ்விருவரும் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கிறார்கள் என்பது ஆராயத்தக்க செய்தி. 1967-இல் லியோனார்டு ஸ்டைன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் இதை ஆராய்ந்து, 'மருத்துவர்–செவிலியர் விளையாட்டு' என்று பெயரிட்டார். நள்ளிரவில் நோயாளிக்கு உறக்கம் இல்லை. எந்த மாத்திரை ஏற்றது என்பது செவிலிக்குத் தெரியும். ஆனால் அதை நேரே சொல்லலாகாது. "முன்பு இன்னது கொடுத்தோம், நன்றாக உறங்கினார்" என்பார். மருத்துவர் அதையே தம் ஆணையாகத் திருப்பிச் சொல்வார். யோசனை செவிலியுடையது, பெயர் மருத்துவருடையது!

நயமான ஏற்பாடுதானே என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. குறிப்பறிதல் அரசவைக்கு அழகாக இருக்கலாம். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் குறிப்பறியப் பொழுது ஏது?

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை அரங்குகளுக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. அதில் 19 குறிப்புகள், மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அரங்கை விட்டு நீங்குமுன். இரண்டாம் நிறுத்தத்தில் எல்லோரும் தத்தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒருமுறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பதில் தயக்கம் குறையும். இறுதி நிறுத்தத்தில் கருவி, பஞ்சு, ஊசி ஆகியவற்றின் எண்ணிக்கை சரியா என்பதைச் செவிலியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணக்கில் ஒரு பஞ்சு குறைந்தால் அது எங்கே இருக்கக்கூடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பயன் என்ன? எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. நாமிருக்கும் இந்த டில்லியும் அவற்றுள் ஒன்று. பட்டியல் வந்தபின் இறப்பு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை, குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்றது. பட்டியல் ஒன்றே, பயன் வேறு. தாளில் குறியிடுவதும் நின்று பேசுவதும் ஒன்றல்ல என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவம் பயிலும் நம் சங்க நண்பர்கள் அடுத்த முறை அரங்கில் நிற்கையில், செவிலி எண்ணிக்கையைச் சொல்லி முடித்த பிறகு குறி விழுகிறதா, முன்பே விழுந்துவிடுகிறதா என்று பார்த்து எனக்கு எழுத வேண்டுகிறேன்.