கபடிப் புள்ளிகளும் ஏழாம் வகுப்புக் கணிதமும்

சராசரி, விழுக்காடு, முழுக்கள் ஆகிய மூன்றையும் ஏழாம் வகுப்பில் ஒரே வாரத்தில், ஒரே பொருளை வைத்து மீள்பார்வை செய்தேன். அந்தப் பொருள் கபடி. பாகூர் கொம்யூன் கிராமங்களில் பொங்கலையொட்டி எங்கேயாவது ஒரு திடலில் கபடி நடந்துகொண்டுதான் இருக்கும். பின்னத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகூட ‘பாயிண்ட்’ கணக்கில் ஏமாறாது.

முதல் நாள் கரும்பலகையில் இரண்டு எண்களை மட்டும் எழுதினேன்: 369, 26. புரோ கபடிப் போட்டியின் ஐந்தாவது பருவத்தில், 2017இல், பாட்னா பைரேட்ஸ் அணியின் பர்தீப் நர்வால் 26 ஆட்டங்களில் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. தமிழ் தலைவாஸ் அணி முதன்முதலாகக் களமிறங்கிய பருவமும் அதுதான். வகுத்தால் ஆட்டத்துக்கு 14.19. இதுவரை எல்லாரும் செய்துவிடுவார்கள். அடுத்த கேள்விதான் முக்கியம். அதே பருவத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக அவர் ஒரே ஆட்டத்தில் 34 புள்ளிகள் எடுத்தார். அந்த ஓர் ஆட்டத்தை நீக்கினால் சராசரி என்ன ஆகும்? “பாதியாயிடும்” என்றான் ஒருவன். கணக்குப் போட்டால் 335ஐ 25ஆல் வகுக்க 13.4 வருகிறது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை! ஐந்தே ஆட்டம் ஆடியவருக்கு இப்படி ஓர் ஆட்டம் அமைந்திருந்தால் சராசரி எங்கே போயிருக்கும் என்று அவர்களையே எண்களை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒதுங்கி நிற்கும் ஓர் எண் சராசரியை எவ்வளவு இழுக்கும் என்பதை நூலில் படிப்பதைவிட இப்படிப் பார்ப்பது மேல்.

விழுக்காட்டுக்கும் அதே ஆட்டம் உதவியது. பாட்னா 69, ஹரியானா 30. அணியின் 69இல் 34 என்றால் ஏறத்தாழ 49 விழுக்காடு. சென்னையில் நடந்த இறுதி ஆட்டத்தில் குஜராத்தை பாட்னா 55–38 என வென்றது. அதில் அவர் எடுத்தவை 19, அதாவது சுமார் 35 விழுக்காடு.

இரண்டாம் நாள் இன்னொரு எண்ணை எழுதினேன்: 100. அடுத்த பருவத்தில், 2018இல், உ.பி. யோதா அணியின் நிதேஷ் குமார் டேக்கிளில் எடுத்த புள்ளிகள் அவை. ஒரே பருவத்தில் நூறு டேக்கிள் புள்ளிகளைத் தொட்ட முதல் வீரர் அவர். 369 பெரியதா, 100 பெரியதா? வகுப்பு ஒரே குரலில் பதில் சொன்னது. எங்கள் பள்ளி அணியில் லெஃப்ட் கார்னரில் நிற்கும் மாணவி மட்டும் எழுந்தாள். “டீச்சர், பாடிப் போறவங்க ஒரே தடவையில மூணு பேரைத் தொட்டா மூணு பாயிண்ட். நாங்க ஏழு பேர் சேர்ந்து பிடிச்சாலும் ஒண்ணுதானே?”

அவள் சொன்னது சரி. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் இரண்டு. அந்தப் புள்ளியும் முதலில் பிடித்தவர் பெயரில்தான் ஏறும். சங்கிலி கோத்து உடன் நின்றவர் பெயர் தாளில் இருக்காது. அவள் கேள்விக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மண்டலப் போட்டிக்கு அணி எடுக்கும் நேரம் அது. புள்ளிக் குறிப்பேட்டில் அவள் பெயர் கீழே கிடந்தது.

இந்தச் சிக்கலுக்கு வேறொரு விளையாட்டில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா போன்ற அணிகள் ஆடும் ஸ்பெயின் நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில், வீரர் எடுத்த புள்ளிகளோடு கணக்கு முடிவதில்லை. புள்ளிகள், ரீபவுண்டு, கூடையில் விழ உதவிய பாஸ், பந்தைப் பறித்தது, எதிரியின் எறிதலைத் தடுத்தது, தன்மீது ஃபவுல் செய்ய வைத்தது எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். தவறிய எறிதல்கள், இழந்த பந்துகள், தன் எறிதல் தடுக்கப்பட்டது, தான் செய்த ஃபவுல் ஆகியவற்றைக் கழிக்கிறார்கள். வருவதுதான் அவரது மதிப்பீட்டு எண். சரியாக ஆடாத நாளில் அது சுழிக்குக் கீழேயும் போகும். குறை எண் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைத்ததில்லை. கடன் கணக்கையே எத்தனை நாள் சொல்வது!

பிறகு கபடிக்கு நாங்களே ஒரு தாள் தயாரித்தோம். ரெய்டு, எடுத்த புள்ளி, அவுட் ஆனது, வெறுமனே திரும்பியது, டேக்கிள் முயற்சி, வெற்றி, தோல்வி என ஏழு கட்டங்கள். இரண்டு பயிற்சி ஆட்டங்களைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மாணவர்களே நேர்க்கோட்டுக் குறிகளால் பதிந்தார்கள். அணியின் முதன்மை ரெய்டர் 18 முறை பாடிப் போனாள். 7 முறை வெற்றி, 6 முறை அவுட், 5 முறை வெறுங்கை. எடுத்தவை 9 புள்ளிகள். கார்னர் மாணவி 5 முறை பிடிக்க முயன்று 4 முறை வென்றாள். குறிப்பேட்டில் 9க்கு 4. ரெய்டர் அவுட் ஆனாலும், பிடி நழுவினாலும் எதிரணிக்கு ஒரு புள்ளி போகிறதே? அதைக் கழித்தால் 9 − 6 = 3; 4 − 1 = 3. வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

வெற்றி விழுக்காடு பார்த்தால் ரெய்டருக்கு 39, இவளுக்கு 80. உடனே இவள்தான் சிறந்தவள் என்று கட்சி மாறினார்கள். அதையும் அப்படியே விடக் கூடாது. இருவரும் இன்னும் ஒருமுறை முயன்று தோற்றதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரெய்டரின் 39 விழுக்காடு 37 ஆகிறது. கார்னரின் 80 விழுக்காடு 67க்கு விழுகிறது. ஐந்து முயற்சியை வைத்துக்கொண்டு யாருக்கும் பட்டம் கட்ட முடியாது என்பதால், மேலும் நான்கு ஆட்டங்களைப் பதிவது என்று முடிவாயிற்று.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்: ஒரு மாணவருக்கு இரண்டு வீரர்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம், குறிப்பது தவறிவிடும். கபடி இல்லாத பள்ளியில் கோ-கோ, கைப்பந்து எதுவானாலும் சரி. தொடக்கப் பள்ளியில் குறியிட்டு எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தாளை உடற்கல்வி ஆசிரியர் வாங்கிப் பார்த்தார், தன் குறிப்பேட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். சங்கிலி கோத்தவருக்கு அரைப் புள்ளி தரலாமா என்ற வழக்கு மட்டும் வகுப்பில் இன்னும் தீரவில்லை. தந்தால் பின்னங்களையும் அதிலேயே நடத்திவிடலாம்.