கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்: லேசர் வெல்டிங்கில் பாதுகாப்பு

வெல்டிங் வேலை பழகிய எவரிடமும் கேட்டுப் பாருங்கள். வெறுங்கண்ணால் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டாற்போல் எரிய, விடியும்வரை உறங்காமல் கிடந்த ஓர் இரவைப் பற்றிச் சொல்வார். அந்த நோவு ஓரிரு நாளில் மாறிவிடும். அது கற்பித்த பாடம் மறக்காது. லேசர் வெல்டிங் பொறி இப்படி எச்சரித்துக் கற்பிப்பதில்லை. முதல் தவறிலேயே, நோவு எதுவுமின்றிப் பார்வையைப் பறித்துவிடக் கூடியது அது.

கையில் பிடித்து வேலை செய்யும் இப்பொறிகள் இன்று சிறிய வேலைத்தளங்களையும் எட்டத் தொடங்கிவிட்டன. மெல்லிய தகட்டை அதிகம் நெளியவிடாமல் விரைவாக ஒட்டுகின்றன. பழகுவதும் இலகு. அதனால் ஆபத்தும் குறைவு என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

இந்த ஒளி எத்தகையது?

இவற்றின் ஒளி பொதுவாக 1070 அல்லது 1080 நனோமீற்றர் அளவான அலைநீளம் கொண்ட செந்நிறக்கீழ்க் கதிராகும். நம் கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் கண்வில்லை அதை உள்ளே விட்டு, பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். வெளிச்சம் தெரியாததால் இமை மூடாது. விழித்திரைக்கு நோவு உணர்வும் இல்லை. எரிந்த இடம் மீண்டும் வளராது.

அரை வாற்றுக்கு மேற்பட்ட லேசர்கள் மிக ஆபத்தான நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. வெல்டிங் பொறியோ பெரும்பாலும் 1000 முதல் 3000 வாற்று வரை வெளிவிடுகிறது.

யாருக்கு ஆபத்து?

பொறியைப் பிடித்திருப்பவருக்கு மட்டுமல்ல. பளபளப்பான அலுமினியம், செம்பு, துருப்பிடிக்காத உருக்கு ஆகியவற்றில் பட்ட கதிர் தெறித்துப் பக்கத்தில் நிற்பவரைத் தாக்கலாம். தகட்டைப் பிடித்து உதவும் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், வாசலில் நிற்கும் பிள்ளை கையால் கண்ணை மறைப்பதும் நம் வேலைத்தளங்களின் பழைய வழக்கம். இங்கே அவை உதவா.

செய்ய வேண்டியவை

1. உள்ளே நிற்கும் ஒவ்வொருவரும் அப்பொறியின் அலைநீளத்துக்கான லேசர் கண்ணாடி அணிய வேண்டும். அலைநீளமும் ஒளி அடர்த்தி எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். எண் 6 என்றால் அக்கதிரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உட்புகும். தேவையான எண்ணைப் பொறியின் கைந்நூலில் பாருங்கள். சாதாரண வெல்டிங் முகமூடி இதற்கு ஈடாகாது. உருகும் உலோகத்தின் பிரகாசத்துக்காக அதை மேலதிகமாக அணியலாம்.

2. வேலையை மூடிய தனி அறையில் செய்யுங்கள். கதவு திறந்தால் கதிர் தானாக நிற்க வேண்டும். பிளாஸ்டிக் திரையையும் பலகையையும் கதிர் எரித்து ஊடுருவக் கூடும்.

3. நுனி உலோகத்தைத் தொட்டால் மட்டுமே கதிர் வரும்படி ஒரு கவ்வி பொருத்தப்பட்டிருக்கும். வசதிக்காக அந்தக் கவ்வியைக் கைப்பிடியிலேயே மாட்டி இப்பாதுகாப்பை ஏமாற்றுவது எக்காலத்திலும் கூடாது.

4. கைப்பிடியை எவர் பக்கமும் நீட்டாதீர்கள். வேலை முடிந்ததும் திறப்பைக் கழற்றிப் பொறுப்பானவர் வைத்திருக்க வேண்டும். நுனியைத் துடைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

5. கையுறையும், தோலை முழுதும் மூடும், இலகுவில் தீப்பற்றாத உடையும் அவசியம். தீயணைப்பான் அருகில் இருக்கட்டும்.

6. புகையை வெளியே இழுக்கும் வசதி வேண்டும். வெல்டிங் புகை புற்றுநோய் விளைவிப்பது என 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. நாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலைத் தரும். ஆகன் வாயு வளியிலும் பாரமானது. காற்றோட்டமில்லாத அறையில் தாழ்வான இடத்தில் தங்கி மூச்சை அடைக்கும்.

பார்வையில் திடீரெனக் கரும்புள்ளியோ மங்கலோ தோன்றினால், நோவில்லையே என்று காத்திராமல் அன்றே கண் வைத்தியரிடம் செல்லுங்கள். பொறியின் அலைநீளத்தையும் வலுவையும் எழுதிக் கொண்டு போங்கள்.

இரண்டாவது கண்ணாடி வாங்கும் பணத்தை மிச்சம் பிடிக்கும் வேலைத்தளம், உதவிக்கு நிற்கும் பையனின் கண்ணையே பணயம் வைக்கிறது.

கலந்துரையாடுவதற்கு

1. நம் வேலைத்தளத்தில் பொறியைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள்? கண்ணாடிகள் எத்தனை?
2. பாதுகாப்புக் கவ்வியை ஏமாற்றச் சொல்லும் முதலாளிக்கு ஒரு பயிலுனர் எவ்வாறு மறுப்புச் சொல்லலாம்? அவருக்கு நாம் எப்படித் துணை நிற்கலாம்?